பெயரில்லாத பூனையும் ஆறுமணிக்குருவியும்

என் அருமை மைனிக்கு,

நம் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். காலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் காதை மூடி மப்ளர் கட்டிவிட்டார்கள். அதே ஆட்கள் பத்து மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கழுத்தைத் துடைக்கிறார்கள். கரமனை ஆற்றுப் பக்கம் விடியும்போது மெல்லிய பனி நிற்கிறது. வெயில் எட்டிப் பார்த்ததும் அது போய்விடுகிறது. திருவனந்தபுரத்துக் குளிர் அவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் இருந்திருந்தால் பெட்டியிலிருந்து அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்து அண்ணனுக்கு மாட்டிவிட்டிருப்பீர்கள். அவரும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு வியர்த்திருப்பார்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். அண்ணன் மட்டும் படிக்கமாட்டார், அவர் மலையாளப் பத்திரிகையோடு சரி. மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மனைவியை ஊரெல்லாம் அண்ணி என்று கூப்பிடலாம். நாஞ்சில்நாட்டிலும் நெல்லைப் பக்கத்திலும் மைனிதான். எனக்கு அந்தச் சொல் அம்மா என்ற சொல்லைவிட அதிகமாக வாயில் வந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நீங்களும் அண்ணனும், இந்தப் பக்கம் நான். கல்யாணம் எனக்கு ஒத்துவராது என்று நான் சொன்னபோது குடும்பமே கூடி என்னைக் குடைந்தது. நீங்கள் ஒருவர்தான், "அவ இங்கனயே இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனீர்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. அப்படி ஒரு வாக்கியத்தில் ஒரு விவகாரத்தை முடிக்கிறவர்களை நான் பிறகு பார்க்கவில்லை.

சரி, கொல்லைச் செய்திகள். பலாமரத்தடியில் சருகை நீங்கள் கூட்ட விட்டதில்லை, நாங்களும் கூட்டவில்லை. தவிட்டுக்குருவிகள் காலையில் கூட்டமாக வந்து இறங்கி, பந்தியில் இடம் கிடைக்காத சொந்தக்காரர்கள் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. செம்போத்து மதில்மேல் உட்கார்ந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தே பாதிப் பொழுதைக் கழிக்கிறது. நீங்கள் கிணற்றடியில் வைத்த மண்சட்டிக்கு இப்போது தண்ணீர் மாற்றுவது அண்ணன். கடைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் அங்கேயே இருக்கிறார்.

உங்கள் ஆறுமணிக்குருவியும் வந்துவிட்டது, மைனி. ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில் பலாமரத்தடியில் சருகு தானாகப் புரள்வது தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதுதான். பச்சை முதுகு, சந்தன வயிறு, கண்ணுக்குக் கறுப்பு மை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், வாலுக்கடியில் குங்குமம். இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு அது தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடுகிறது. வடக்கே எங்கோ மலையடிவாரத்திலிருந்து இவ்வளவு தூரம் வருகிறதாம். "அத்தன தூரம் பறந்து வந்துட்டு, இங்க வந்து நடக்கா பாத்தியா, வடிவு? பெருமையே கிடையாது அவளுக்கு" என்று நீங்கள் வருஷா வருஷம் சொல்வீர்கள். ஆணா பெண்ணா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விடியும்போதும் விளக்கு வைக்கும்போதும் இரண்டு சீழ்க்கை அடித்துவிட்டு அடங்கிவிடும். இந்தத் தடவையும் அப்படித்தான்.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடம் பயம். காரணம், நீங்கள் விட்டுப்போன இன்னொருத்தி.

அந்தச் சாம்பல் வரிப் பூனைக்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை. "பேரு வச்சா நம்மளுதா ஆயிரும். அது அதுவா இருக்கட்டும்" என்றீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீங்கள் போன பிறகு அதை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பூஸ் பூஸ் என்றேன். பூச்சே என்று மலையாளத்தில் அழைத்தேன். ஏட்டி என்று அதட்டிப் பார்த்தேன். அது காதைக்கூடத் திருப்பவில்லை. தூக்கி உள்ளே கொண்டுவரப் போனதற்கு என் முழங்கையில் மூன்று கோடு. அந்தத் திமிரை நான் ரசிக்கவும் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் கடன்படாத நடை அதற்கு.

வேட்டையில் அது மகா கெட்டிக்காரி. பறவைகளின் பாதுகாப்புக்காகச் சாலைக்கடை பஜாரில் ஒரு சின்ன மணி வாங்கிவந்து, அது தூங்கும்போது கழுத்தில் கட்டினேன். ஒரு வாரம் கிணுகிணு என்றது. அப்புறம் மணியை ஆட்டாமல் நடக்கப் பழகிவிட்டது. தாடையை நெஞ்சோடு சேர்த்து மணியை அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து, சருகு நொறுங்காமல் வரும். அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கோபப்படவா கைதட்டவா என்று தெரியவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் அது ஒரு தேன்சிட்டைப் பிடித்துக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தது. வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவருக்கென்று கொண்டுவந்த பொருள் அது. அண்ணன் செம்பருத்திக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தார். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்தது ஆறுமணிக்குருவிதான். அது தரையில் நடக்கிற பறவை. இந்தப் பூனைக்கு அதைப் பிடிப்பது ஒரு வேலையே இல்லை. இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த ஜீவன் மைனியின் கொல்லையில் மைனியின் பூனை வாயில் சாகக் கூடாது.

விழிஞ்ஞத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் செலினிடம் பூனையைக் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "எனிக்கு தா சேச்சி. விழிஞ்ஞத்து மீனும் தின்னு அவள் ராணியெப்போலெ கழிஞ்ஞோளும்." மீனைத் தின்று பூனை ராணி மாதிரி வாழும் என்றாள். சனிக்கிழமை கூடை கொண்டுவந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அண்ணனிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். ஆனால் சொல்லும்போது குனிந்து நாற்காலிக்குக் கீழே பார்த்தார். பூனை அங்கேதான் படுத்திருந்தது. நீங்கள் போனதிலிருந்து அவருடைய பகல் முழுக்கத் துணை அது ஒன்றுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை, ஆனால் அவர் நாற்காலியை வெயிலுக்கு நகர்த்தினால் அதுவும் எழுந்து போய் அடியில் படுக்கும். பூனை போனால் அண்ணன் தனி. இருந்தால் குருவிக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே கொல்லையில் இத்தனை குளிர்காலம் நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்? உங்கள் காலத்தில் அந்தக் குருவியின் ஒரு இறகுகூட உதிர்ந்ததில்லையே. எனக்கு மண்டை குழம்பியது.

வெள்ளிக்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்தேன். பழவங்காடியில் கூட்டம், பஸ் நகரவில்லை, அதனால் வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. பின்பக்கம் வந்து கிணற்றடியில் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். குருவி பலாமரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பூனை. தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது, பின்பக்கம் மட்டும் மெல்ல ஆடியது. பாயப் போகிறது. அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது எப்போதும் ஒரே சொல்தான் வரும். கத்திவிட்டேன். "மைனி!"

பூனை எழுந்தது. வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டது. குருவிக்கு ஒரு முழம் தள்ளித் துள்ளிக்கொண்டே ஓடி, மணி கிணுகிணு என்று அடிக்க, உங்கள் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து, அடுக்களைக் கதவைப் பார்த்தது. குருவி விருட்டென்று வேலிக்குப் பின்னால் போய்விட்டது. பூனை அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மைனி. எத்தனை வருஷமாகச் சாயங்காலம் நான் வந்து இதே இடத்தில் நின்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் என் காபியோடு வெளியே வருவீர்கள். நாம் சைவம், அடுக்களைக்குள் மீன் நுழையக் கூடாது என்று கிணற்றடியில் மூன்று செங்கல் வைத்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பழைய அலுமினியச் சட்டியில் சாளை மீன் வேகவைத்து வைத்திருப்பீர்கள். எனக்குக் காபியைக் கொடுத்த கையோடு அதற்கு மீனை வைப்பீர்கள். நான் கூப்பிடுவது உங்களை. பூனைக்குத் தெரிந்தது, அந்தச் சொல் கேட்டால் மீன் வரும் என்பது. குருவி தரையில் இறங்கும் அந்த இருட்டுகிற நேரத்தில் அது வயிறு நிறையத் தின்றுவிட்டு உள்ளே படுத்துக்கிடந்தது. நீங்கள் போனபிறகு நான் என் வசதிக்குக் காலையில் பச்சை மீனைத் தட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

பூனை கதவைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். கதவு திறக்கவில்லை. நான் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை, வந்தவர்களைக் கவனிக்கிற வேலை இருந்தது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போது அண்ணன் செங்கல்லை நகர்த்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வெங்காயம்கூட விரத நாளில் தொடாத மனிதர், காலையில் மிஞ்சிய சாளையை ஐஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து எடுத்துச் சட்டியில் போட்டார். "எவ்வளவு நேரம் வேகணும்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. உங்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பேருமாக மூக்கைப் பொத்திக்கொண்டு, வெந்த மாதிரி தெரிந்ததும் இறக்கினோம்.

மறுநாள் காலை செலின் கூடையோடு வந்தாள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அண்ணன் முன்னால் போய், "அவ இங்கனயே இருந்துட்டுப் போட்டும்" என்றார். அதே சொல், அதே தொனி. செலின் இடுப்பில் கை வைத்தாள். "பின்னெ எந்தினா என்னெக்கொண்டு ஈ கொட்ட சுமப்பிச்சது?" பின்னே எதற்கு என்னை இந்தக் கூடையைச் சுமக்கவைத்தீர்கள் என்று அவள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் இனி தினமும் சாளை வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் கொல்லையில் நின்று உங்களைக் கூப்பிடுகிறேன். பூனை எங்கிருந்தாலும் வருகிறது. ஒருநாள் தவறியதில்லை. குருவி நிதானமாக மேய்ந்து, இரண்டு சீழ்க்கை அடித்துவிட்டு, மரத்தில் ஏறிவிடுகிறது. ஒரு சட்டியை வைத்துக்கொண்டு ஒரு கொல்லையையே சமாதானமாக நடத்தியிருக்கிறீர்கள். அதை நீங்கள் திட்டம் போட்டுச் செய்தீர்களா, தானாக அமைந்ததா? எனக்கு அதைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. திட்டம் போட்டுத்தான் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுடைய சாமர்த்தியம் எப்போதும் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

பக்கத்து வீட்டுக்கு ரமணி டீச்சர் என்று ஒருவர் குடிவந்திருக்கிறார், நீங்கள் பார்த்ததில்லை. ரிட்டயரானவர், தங்கமான மனுஷி. ஒருநாள் மதிலுக்கு அப்பாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "வடிவே, ஒரு கார்யம் சோதிச்சோட்டே? நீ திவசவும் விளிக்குந்நது மைனயெ. பக்ஷே வருந்நது பூச்சயாணல்லோ." நான் மைனாவைக் கூப்பிடுகிறேன், பூனை வருகிறது என்று அந்த அம்மாள் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மைனி என்றால் யார் என்று சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ வைகுந்ந திவசம் பறஞ்ஞால் மதி, ஞான் விளிக்காம்" என்றார். நான் நேரமாகி வருகிற அன்று தான் கூப்பிடுவதாகச் சொல்கிறார். கண்ணில் காணாத உங்களுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாயிற்று.

அந்த உதவி போன வாரம் தேவைப்பட்டது. நான் வேலை பார்க்கிற கடையில் சரக்கு இறங்கும் நாள், என்னால் கிளம்ப முடியவில்லை. டீச்சருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அப்படியும் மனது கேட்கவில்லை, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்தேன். இறங்கும்போது டீச்சர் தன் வீட்டுக் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். "ஞான் விளிக்கேண்டி வந்நில்ல. அவிடெ ஆரோ விளிச்சு. ஆணுங்ஙளுடெ சப்தம்" என்றார். யாரோ ஒரு ஆண் குரல் கூப்பிட்டதாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் உங்களை எந்தப் பெயரிலாவது கூப்பிட்டு யார் கேட்டிருக்கிறார்கள்? செருமுவார். ஒரு செருமலுக்குத் தண்ணீர் வரும், இரண்டு செருமலுக்குக் கண்ணாடி வரும். உங்கள் பெயரை அவர் ரேஷன் கார்டில் எழுதியதோடு சரி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் பூனை தின்றுகொண்டிருந்தது. அண்ணன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "நீ வர நேரமாகும்னு தோணிச்சு" என்று மட்டும் சொன்னார். முகத்தைக் காட்டவில்லை. தங்கை கூப்பிடுகிற சொல்லால் பெண்டாட்டியைக் கூப்பிட்டுவிட்ட கூச்சம் அவருக்கு. நான் சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அதை ஒரு வேடிக்கையாக உங்களுக்கு எழுதலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், மைனி. ஆனால் நேற்று இன்னொன்று நடந்தது.

பூனைக்கு இப்போது காலையில் மீன் கிடையாது, சாயங்காலம் ஒரு வேளைதான். விடியற்காலையில் அது என் வீட்டு மாடிப்படியில் சுருண்டு தூங்கும். நேற்றுக் காலை நான் பல் தேய்க்கக் கிணற்றடிக்கு வந்தேன். குருவி எங்கோ மேலே இருந்து சீழ்க்கை அடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. அண்ணன் உங்கள் பின்வாசல் படியில் நின்றார். கொல்லைக்கு முதுகு காட்டி, அடுக்களையைப் பார்த்து, உரக்க இல்லாமல், "மைனி" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் தானே உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

நான் செம்பைக்கூட வைக்காமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பூனை இங்கேதான் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. குருவி பங்குனியில் வடக்கே கிளம்பிவிடும்; கிளம்பினாலும் சாயங்காலம் இந்தக் கொல்லையில் நான் உங்களைக் கூப்பிடுவது நிற்காது. விடிகாலையில் மட்டும் நான் கிணற்றடிப் பக்கம் வரமாட்டேன். அந்த நேரம் அவருடையது. அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று ஒருநாளும் காட்டிக்கொள்ளமாட்டேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்களுக்குக் கேட்டிருந்தால் போதும்.

கிணற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் நாத்தனார்
வடிவு